அவர் போகும்போது சொன்னது

காக்களூர்
21-1-2025

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகள் சோனியா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சுகமாக இருக்கிறேன். உங்களுக்கும் அத்தைக்கும் ஏஞ்சலுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? இந்தப் பனியில் உங்களுக்கு இழுப்பு வரும். தலையில் துண்டு கட்டாமல் ஆடு மேய்க்கப் போகாதீர்கள்.

மாமா, ஞாயிற்றுக்கிழமை டிவியில் 'ஏழாவது தடயம்' தொடரில் நம் வீட்டுக் கதையைப் போட்டுவிட்டார்கள். நீங்கள் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. பெயர்களை மாற்றியிருக்கிறார்கள். அவருக்கு ரூபன் என்றும் எனக்கு மோனிஷா என்றும் வைத்திருக்கிறார்கள். ஊர்ப்பெயர் சொல்லவில்லை. ஆனால் ஏரி, மதகு, இரும்பு கம்பெனியில் வேலை போன புருசன், நனைந்த துணியோடு வீட்டுக்கு வரும் பெண்டாட்டி என்று எல்லாம் அப்படியே இருக்கிறது.

எனக்குத் திங்கட்கிழமை மதியம்தான் தெரிந்தது. நாங்கள் மருந்து பாட்டில் மூடி சரிபார்க்கிற பெண்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். குப்பம்மாள் அக்கா டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார்.

"அந்த மோனிஷாவைத் தூக்குல போடணும்டி. புருசன் தண்ணில கெடக்கறான், இவ ஊட்டுக்கு வந்து வாயே தொறக்காம ஒக்காந்துகினு இருக்கறா."

அருணா என்று சின்னப் பெண் ஒருத்தி, பள்ளிப்பட்டுக்காரி. அவள், "கோர்ட்டே விட்டுட்டாங்களேக்கா" என்றாள்.

"கோர்ட்டுக்கு இன்னா தெரியும்? சாட்சி இல்லன்னா விட்ருவாங்க. போகும்போது புருசன் இன்னா சொன்னான்னு வக்கீல் கேக்கறாரு. ஒண்ணும் சொல்லலன்றா. ஊட்டை உட்டுப் போற மனுசன் ஒண்ணுமா சொல்லாம போவான்? எதையோ மறைக்கறா."

பிறகு என் பக்கம் திரும்பி, "நீ இன்னா சொல்ற சோனியா?" என்றார்.

நான் பார்க்கவில்லை என்றேன். அப்போது அது உண்மை. சாயந்திரம் ரூமுக்கு வந்து செல்போனில் பார்த்தேன். மதகுக் கல்லில் அந்தப் பெண் அவர் தலையை மோதுவது போல எடுத்திருக்கிறார்கள். அப்போது நான் வேலை பார்த்த கம்பெனி சூப்பர்வைசர் ஜெயராஜ் சார் ஷிப்ட் நேரம் சொல்லி அனுப்பிய மெசேஜ்களைக் காதல் வசனமாக மாற்றியிருக்கிறார்கள். அவளுக்குச் சிவப்புப் புடவை. என்னிடம் சிவப்பில் ஒரு புடவையும் கிடையாது என்று உங்களுக்கே தெரியும். கோர்ட்டில் அவள் "ஒண்ணும் சொல்லல" என்று தலையைக் குனிகிற இடம் மட்டும் சரியாக இருந்தது.

கடைசியில் ஒருவர் வந்து, "நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? உங்கள் கருத்தை எழுதுங்கள்" என்கிறார். ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறார்கள். கொஞ்சம் படித்துவிட்டு மூடி வைத்துவிட்டேன்.

ஏஞ்சல் கண்ணில் இது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஞாயிறு வழக்கம்போல கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் காத்திருப்பேன். அவளுக்குப் பச்சையில் ஒரு சுடிதார் எடுத்து வைத்திருக்கிறேன். அளவு பத்துமா தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்,
சோனியா


ஆரம்பாக்கம்
2-2-2025

அன்பு மருமகள் சோனியாவுக்கு,

மாமா யேசுதாஸ் எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு ஜெபிக்கிறேன். இழுப்பு இந்த வருசம் பரவாயில்லை.

நீ எழுதிய நிகழ்ச்சியை நானும் பார்த்தேன். ஆனால் ரோலிங் மில் சத்தத்தில் என் காது போனது உனக்குத் தெரியுமே, டிவியில் எனக்குப் படம் மட்டும்தான். முதலில் நம் கதை என்று தெரியவில்லை. வேறு ஏதோ ஏரி. வேறு ஏதோ பையன், பெரிய மீசை. என் பிள்ளை ராபினுக்கு ஏது மீசை? மதகு வந்தபோதுதான் உன் அத்தை எழுந்து நின்றாள். நின்றபடியே கடைசிவரை பார்த்துவிட்டு நிறுத்தினாள். அதனால்தான் எனக்கே தெரிந்தது. ஏஞ்சல் டியூஷன் போயிருந்தாள். பார்க்கவில்லை.

மற்றவர்கள் என்ன கேட்டார்களோ, என்ன பாட்டுப் போட்டுக் காட்டினார்களோ எனக்குத் தெரியாது. நான் அந்தப் பெண்ணின் முகத்தை மட்டும் பார்த்தேன். பயந்துபோன ஒரு பெண்ணின் முகமாகத்தான் பட்டது. கெட்டவளாகத் தெரியவில்லை. இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அடுத்த ஞாயிறு நாங்கள் வர முடியாது போல இருக்கிறது. ஏஞ்சலுக்குச் சளி. சரியானதும் கூட்டி வருகிறேன். நீ ஸ்டேஷனுக்கு வந்து காத்திருக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் மாமா,
யேசுதாஸ்


காக்களூர்
13-2-2025

அன்புள்ள மாமாவுக்கு,

சோனியா வணக்கமாய் எழுதுவது. நான் நலம். ஏஞ்சலுக்கு இப்போது சளி எப்படி இருக்கிறது? ஓமவல்லி இலையைக் கசக்கிக் கொடுத்தால் அவளுக்கு உடனே கேட்கும். அத்தைக்கு மூட்டுவலி குறைந்ததா?

உங்கள் கடிதம் கிடைத்தும் நான் ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டிக்கு வந்தேன். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. ஒருவேளை வந்துவிட்டால் என்றும் நினைத்தேன். சூலூர்ப்பேட்டை பக்கமிருந்து வந்த ஒவ்வொரு வண்டியிலும் பார்த்துவிட்டு மத்தியானத்துக்குமேல் திரும்பினேன். ஸ்டேஷனில் இரண்டு பெண்கள் அந்த எபிசோடைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அந்த மோனிஷாவைப் பாவம் என்றாள். யாரோ ஒருத்தி அப்படிச் சொன்னதைக் கேட்க நன்றாக இருந்தது.

மாமா, சளி என்றால் சளி என்று எழுதுங்கள். வேறு ஏதாவது என்றால் அதையும் எழுதுங்கள். நான் தாங்கிக்கொள்வேன்.

நான் இப்போது மதியச் சாப்பாட்டை கேட் ஓரம் வேப்பமரத்தடியில் வைத்துக்கொள்கிறேன். உள்ளே புழுக்கம். வெளியே நல்ல காற்று. வேறு செய்தி இல்லை. ஏஞ்சலை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சோனியா


ஆரம்பாக்கம்
27-2-2025

அன்பு மருமகளுக்கு,

சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

சளி இல்லை. நீ கேட்டாய், அதனால் சொல்கிறேன். நிகழ்ச்சி வந்த மறு வாரம் கோயிலில் நம் தெரு லோகுவின் பெண்டாட்டி உன் அத்தையிடம் வந்து ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. அத்தை பூசை முடியும் முன்னே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த வாரமே பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் ஏஞ்சலிடம், "உங்கம்மாதான் அந்த மோனிஷாவா?" என்று கேட்டிருக்கிறான். இவள் அவன் கையைக் கடித்துவிட்டாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பி, எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினார்கள். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

அத்தை இனி ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போகக் கூடாது என்றுவிட்டாள். நாலு பேர் பார்ப்பார்கள், பிள்ளை பேர் கெட்டுவிடும் என்கிறாள். இத்தனை நாள் நான் கூட்டிப்போவதைத் தெரியாத மாதிரிதான் இருந்தாள். இப்போது வாய்விட்டே சொல்லிவிட்டாள். அவள் மகனைப் பறிகொடுத்தவள். அவளிடம் என்னால் பேசி ஜெயிக்க முடியவில்லை. கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்.

நானும் உன்னை ஒன்று கேட்கிறேன். மாசி மாதம் என்ன புழுக்கம்? நீ ஏன் தனியாக வேப்பமரத்தடியில் சாப்பிடுகிறாய்?

உன் மாமா,
யேசுதாஸ்


காக்களூர்
9-3-2025

அன்புள்ள மாமாவுக்கு,

சோனியா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும்.

ஏஞ்சல் கடித்ததைப் படித்துவிட்டு எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவளைத் திட்டாதீர்கள்.

நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். அந்த நிகழ்ச்சிக்குக் கீழே யாரோ என் பழைய போட்டோவைப் போட்டிருக்கிறார்கள். போலீஸ் வேனில் ஏறுகிற போட்டோ. அருணா அதைப் பார்த்துவிட்டு என்னிடம்தான் முதலில் கொண்டுவந்து காட்டினாள். "இது நீயா சோனியாக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அன்று சாயந்திரத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மறுநாள் நான் வட்டத்தில் உட்காரப் போனபோது பேச்சு நின்றுவிட்டது. யாரும் போ என்று சொல்லவில்லை. நானாகத்தான் மரத்தடிக்குப் போனேன். சூப்பர்வைசர் குணா மட்டும் கூப்பிட்டு, "வேலையில ஒண்ணும் கொற இல்லம்மா. நீ பாட்டுக்கு வா, போ" என்றார். அது போதும்.

போன வாரம் குப்பம்மாள் அக்கா டிபன் பாக்ஸோடு மரத்தடிக்கு வந்தார். உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்.

"ஏன்டி, நீ பண்ணியா?"

"இல்லக்கா."

"சாமி சத்தியமா?"

"சத்தியமா இல்லக்கா."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, "சரி, நவுரு" என்று பக்கத்தில் உட்கார்ந்து, கருவாட்டுக் குழம்பை என் சோற்றில் ஊற்றினார். "தூக்குல போடணும்னு சொன்னேனே, அதை மனசுல வச்சிக்காத. டிவில அப்டிக் காட்டுனான்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் வருகிறார். எனக்கு அது பெரிய ஆறுதல் மாமா. ஆனால் அன்று ராத்திரி படுத்த பிறகு ஒன்று தோன்றியது. போலீஸ் கேட்டது, வக்கீல் கேட்டார், ஜட்ஜ் கேட்டார். அது அவர்கள் வேலை. வேலைக்காக இல்லாமல், தெரிந்துகொள்வதற்காக என்னிடம் கேட்ட முதல் ஆள் குப்பம்மாள் அக்காதான். ஜெயிலில் இருந்தபோது நீங்கள் ஒருவர்தான் என்னைப் பார்க்க வந்தீர்கள். பழம் வாங்கி வந்தீர்கள். ஏஞ்சல் வரைந்த படம் கொண்டுவந்தீர்கள். ஆனால் நீங்கள்கூட என்னிடம் கேட்டதில்லை.

தப்பாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். அத்தையை வற்புறுத்த வேண்டாம்.

சோனியா


காக்களூர்
30-3-2025

அன்புள்ள மாமாவுக்கு,

சுகமா? உங்களிடமிருந்து கடிதம் வராததால் உடம்புக்கு ஏதாவதோ என்று கவலையாக இருக்கிறது. நான் போன கடிதத்தில் அப்படி எழுதியிருக்கக் கூடாது. உங்கள் மனதைப் புண்படுத்திவிட்டேன். நீங்கள் செய்ததை எங்கள் அப்பா இருந்திருந்தாலும் செய்திருக்க மாட்டார். ஒரு வரி எழுதிப் போடுங்கள். இல்லையென்றால் ஏஞ்சலை எழுதச் சொல்லுங்கள்.

சோனியா


ஆரம்பாக்கம்
6-4-2025

அன்பு மருமகள் சோனியாவுக்கு,

எல்லாரும் சுகம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். உடம்பு சுகம்தான். வீடு சரியில்லை.

நீ மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. நீ எழுதியதற்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். நான் கேட்கவில்லை, உண்மை. கேட்டால் நீ இல்லை என்பாய். நீ சொன்ன பிறகு நான் நம்பியதாக ஆகும். நீ சொல்லாமலேயே நம்புகிறேன் என்று இருக்கட்டும் என நினைத்தேன். அது எனக்குள் இருந்தால் உனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கவில்லை. குப்பம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல்.

இப்போது வீட்டு விஷயம். ஏஞ்சல் அந்த நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டாள். பக்கத்து வீட்டு ஜோஷ்வாவின் போனில் முழுக்கப் பார்த்திருக்கிறாள். போன வியாழக்கிழமை சாயந்திரம் நான் வாசலில் ஆட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். அத்தை உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஏஞ்சல் ஓடி வந்தாள், பையைக்கூடக் கழற்றவில்லை. அத்தை முன்னால் நின்று பேசினாள். கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். கோபமாகத்தான் இருந்தாள். அத்தை முதலில் திட்டினாள். ஏஞ்சல் மறுபடி ஏதோ சொன்னாள். ஒரு வரிதான் இருக்கும். அத்தை கையிலிருந்த முறம் அப்படியே நின்றுவிட்டது.

நான் உள்ளே போய் என்ன என்று கேட்டேன். ஏஞ்சல் அத்தையைப் பார்த்தாள். அத்தை தலையை ஆட்டினாள். இருவரும் எனக்குச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அத்தை சரியாகச் சாப்பிடுவதில்லை. ராபின் படத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். காது கேட்காமல் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவனிடம் மறைப்பது சுலபம். வாயை மூடக்கூட வேண்டாம், வேறு பக்கம் திரும்பினால் போதும். அப்படித்தான் திரும்பிக்கொள்கிறாள்.

ஏஞ்சல் என்ன சொல்லியிருப்பாள் என்று உனக்குத் தெரியுமா? தெரிந்தால் எழுது. பிள்ளை தைரியமாகத்தான் இருக்கிறாள்.

உன் மாமா,
யேசுதாஸ்


ஆரம்பாக்கம்
10-4-2025

சோனியாவுக்கு,

ரோசம்மாள் எழுதுவது. உன் விலாசம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசிக்காதே. புளி வாங்கப் போகிறேன் என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போஸ்டாபீஸ் பக்கம் நடக்கிற மனிதனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டவள் நான். உன் கடிதங்கள் அவர் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கின்றன. நான் படித்ததில்லை. மேலே இருந்த விலாசத்தை மட்டும் பார்த்தேன். நான் எட்டாவது வரை படித்தவள், எனக்கே எழுதத் தெரியும். நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

ஏஞ்சல் அந்த டிவி நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சண்டை போட்டாள். "அவங்க பொய்யா எடுத்துக்கீறாங்க பாட்டி. அம்மா அப்பாவை வெளிய போன்னு சொல்லவே இல்ல" என்றாள். சின்னப் பிள்ளை உனக்கு என்ன தெரியும் என்று அதட்டினேன். அதற்கு அவள், "எனக்குத் தெரியும். நான் கட்டிலுக்கு அடியில பொம்மை வச்சிகினு இருந்தேன். அப்பாதான் சொன்னாரு, நான் போயிடறேன், என்னைத் தேடாதன்னு" என்றாள்.

அப்போது அவளுக்கு ஆறு வயசு. ஆறு வயசுப் பிள்ளை சொல்வதை எடுத்துக்கொள்ளலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் பொய் சொல்கிற பிள்ளையும் இல்லை.

கோர்ட்டில் நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போகும்போது உன் புருசன் என்ன சொன்னான் என்று வக்கீல் கேட்டார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். பிறகு ஒன்றும் சொல்லவில்லை என்றாய். என்னைப் பார்த்ததால்தான் நீ பொய் சொல்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது. அதை வைத்துத்தான் இத்தனை வருசம் உன்னை என் வாசல் மிதிக்க விடவில்லை.

என் பிள்ளை என்ன சொன்னான்? எனக்கு மட்டும் சொல்.

ரோசம்மாள்


காக்களூர்
15-4-2025

அன்புள்ள அத்தைக்கு,

சோனியா வணக்கமாய் எழுதுவது. நான் நலம். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் வெகுநேரம் பிரிக்காமலே வைத்திருந்தேன். சாப்பிடாமல் இருக்காதீர்கள் அத்தை.

ஏஞ்சல் சொன்னது உண்மை. அவள் அங்கே இருந்தது உங்கள் கடிதம் வரும்வரை எனக்குத் தெரியாது.

அவருக்கு வேலை போய் எட்டு மாசம் ஆகியிருந்தது. என் சம்பளத்தில் வீடு ஓடுவதை அவரால் தாங்க முடியவில்லை. அன்று சாயந்திரம் ஜெயராஜ் சார் ஷிப்ட் மாற்றி மெசேஜ் அனுப்பினார். அதில் ஆரம்பித்த சண்டை. நானும் பேசினேன். பேசவில்லை என்று சொல்ல மாட்டேன். கடைசியில் அவர் சத்தமே இல்லாமல் சொன்னார். "நான் போயிடறேன் சோனியா. என்னைத் தேடாத. புள்ளைய பாத்துக்க." இவ்வளவுதான்.

மழை தூறிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று செருப்பைப் போட்டார். பிறகு திரும்ப உள்ளே வந்து குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தக் குடையைத்தான் நான் இத்தனை வருசமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். சாகப் போகிறவர் திரும்பி வந்து குடை எடுப்பாரா? மாட்டார் என்று சில நாள் தோன்றும். பழக்கத்தில் எடுத்திருப்பார் என்று சில நாள் தோன்றும். கொஞ்ச நேரம் கழித்து எனக்கு மனசு கேட்காமல் ஏரிக்கரைக்குப் போனேன். மதகுப் பக்கம் தண்ணீரில் குடை மல்லாந்து கிடந்தது. காற்று அடித்துக்கொண்டிருந்தது. குடை பறந்து, அதைப் பிடிக்கப் போய் வழுக்கினாரா, அவராகவே இறங்கினாரா, எனக்குத் தெரியாது. குடைக்குப் பக்கத்தில்தான் இருப்பார் என்று நினைத்துக் கழுத்துவரை இறங்கித் தேடினேன். எனக்கு நீச்சல் தெரியாது. அதற்குமேல் போக பயந்து திரும்பி வந்தேன். ஈரத் துணியோடு உங்களிடம் வந்து நின்றேன். வாய் வரவில்லை.

அவர் சொன்னதை நான் கோர்ட்டில் சொல்லியிருந்தால் தற்கொலை என்று முடித்திருப்பார்கள். அவர் அப்படி ஏதாவது சொல்லியிருந்தால் நான் சீக்கிரம் வெளியே வந்திருப்பேன் என்று என் வக்கீலே பிற்பாடு சொன்னார். ஆனால் அது உண்மையா என்று எனக்கே தெரியாதபோது எப்படிச் சொல்வேன்? நீங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். நான் சண்டை போட்டதால்தான் போனார் என்று ஆகிவிடுமே என்ற பயமும் இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

அவர் சொன்னதை அவர் முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் அத்தை. குடையையும் சேர்த்து நினையுங்கள்.

சோனியா


ஆரம்பாக்கம்
8-5-2025

அன்பு மருமகள் சோனியாவுக்கு,

மாமா எழுதுவது. சுகம். வெயில்தான் கொளுத்துகிறது. நீ மோர் நிறையக் குடி.

உன் கடிதம் அத்தைக்கு வந்தது எனக்குத் தெரியும். தபால்காரர் என்னிடம்தான் கொடுத்தார். பிரிக்காமல் அவள் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை கோயிலுக்குக்கூட வரவில்லை. உயிர்த்த ஞாயிறு அன்று காலையில் தனியாக ஏரிக்கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். பிறகும் வெகுநாள் ஒன்றுமில்லை. அதனால்தான் நானும் உனக்கு எழுதாமல் இருந்தேன்.

போன வாரம் ஏஞ்சலைக் கூப்பிட்டு, ராபின் சொன்னதை, நீ எழுதியதை எல்லாம் ஒரு தாளில் எனக்காக எழுதிக்காட்டச் சொன்னாள். படித்தேன். என்னைப் பற்றி நீ கவலைப்படாதே. என் பிள்ளை கஷ்டப்பட்டது எனக்குத் தெரியாததல்ல. அழுதேன், பிறகு ஆட்டுக்குத் தண்ணீர் வைத்தேன்.

மறுநாள் அத்தை ஜோஷ்வாவை வரச்சொன்னாள். அந்த நிகழ்ச்சிக்குக் கீழே நாமும் எழுதலாமா என்று கேட்டிருக்கிறாள். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருக்கிறான். அத்தை சொல்லச் சொல்ல ஏஞ்சல் எழுதினாள். எனக்குக் காட்டினாள்.

"இறந்து போனது என் மகன். அந்தப் பெண் என் மருமகள். அவள் அவனைக் கொல்லவில்லை. தேடப் போனாள். அதனால் நனைந்தாள். ரோசம்மாள், ஆரம்பாக்கம்."

அன்று சாயந்திரமே அதற்குக் கீழே யாரோ சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறான். ஏஞ்சலுக்கு ஆத்திரம். அத்தை அவளிடம் என்ன சொன்னாள் என்று கேட்டேன். "சிரிக்கட்டும், நாம எழுதனது எழுதனதுதான்" என்றாளாம்.

வருகிற ஞாயிறு மூவரும் வருகிறோம். ஸ்டேஷன் வரை இல்லை, உன் ரூமுக்கே வர வேண்டும் என்கிறாள் அத்தை. அவளால் எலும்புக் கறி மெல்ல முடியாது, ஏற்பாடு எதுவும் பெரிதாக வேண்டாம்.

உன் மாமா,
யேசுதாஸ்


காக்களூர்
20-5-2025

அன்புள்ள மாமாவுக்கு,

சோனியா எழுதுவது. நானும் ஏஞ்சலும் சுகம். நீங்களும் அத்தையும் வெயிலில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று அறிந்து சந்தோசம். லீவுக்கு நீங்கள் விட்டுப்போன ஏஞ்சல் இந்த ரூமுக்குப் பழகிவிட்டாள். குப்பம்மாள் அக்கா வீட்டுக் கோழிகளோடுதான் நாள் முழுக்க இருக்கிறாள். லீவு முடிந்ததும் இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொல்கிறாள். திருவள்ளூரில் விசாரித்து வருகிறேன். நீங்களும் அத்தையும் சரி என்றால்தான்.

நீங்கள் கிளம்பும்போது என்னிடம், "உள்ளே என்ன பேசிக்கொண்டீர்கள்?" என்று கேட்டீர்கள். அப்போது சொல்ல முடியவில்லை. பஸ்ஸும் வந்துவிட்டது. நீங்கள் இனி எதையும் தெரியாமல் இருக்கக் கூடாது. அதனால் எழுதுகிறேன்.

அத்தை வந்ததும் ரூமைச் சுற்றிப் பார்த்தார்கள், உங்களுக்கே தெரியும். சாப்பிட்டு முடித்து, நீங்கள் ஏஞ்சலோடு வாசலுக்குப் போன பிறகு, நான் தட்டு கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து கேட்டார்கள்.

"ஏன்டி, ஜெயில்ல கொண்டுபோய் வச்சாங்களே, அப்பகூட ஏன் வாயைத் தொறக்கல? எனக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருந்தா நீங்க தாங்கியிருப்பீங்களா அத்தை?"

"மாட்டேன். செத்துருப்பேன்" என்றார்கள். பிறகு, "ஆனா அதுக்கு நீ இன்னா பண்ணுவ? நீயும் ஒருத்தி பெத்த பொண்ணுதான?" என்றார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை என்னைத் தொடவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. என் கையிலிருந்து தட்டை வாங்கி அவர்களே கழுவினார்கள். கழுவிக்கொண்டே சொன்னார்கள்.

"எனக்கு இன்னும் அவன் வழுக்கித்தான் உழுந்தான்னு இருக்குது. மாறல. ஆனா அவன் சொல்லிட்டுப் போனது சொல்லிட்டுப் போனதுதான். நாளைக்கு அந்தப் புள்ள பெரிசாயி ஏன்னு கேப்பா. ஊர்ல எவனாவது கேப்பான். இனிமே நீ பதில் சொல்லாத. என்னண்ட அனுப்பு. பெத்தவ நான் சொல்றேன்."

அவ்வளவுதான் மாமா. நீங்கள் அப்போது ஏஞ்சலுக்குச் செருப்பு வாரைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

தலையில் துண்டில்லாமல் வெயிலில் அலைய வேண்டாம். அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்,
சோனியா